கோபால்ட் பூ (எரித்ரைட்): எல்லாரும் கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

என் அலமாரில ஒரு சின்ன டப்பாக்குள்ள கட்டைவிரல் நகம் சைஸ்ல ஒரு கல்லு இருக்கு, பழுப்புக் கலர் பாறை மேல ரோஸ் கலர் ஊசி ஊசியா குத்தி நிக்கும். வீட்டுக்கு வர்றவங்க மத்த கல்லை எல்லாம் விட்டுட்டு நேரா அதைத்தான் கைல எடுக்கப் பாப்பாங்க, நான் "ஐயோ தொடாதீங்க"ன்னு கத்துவேன், அப்புறம் கேள்வி ஆரம்பிக்கும். ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன்.

இது என்ன கல்லு?

எரித்ரைட். கோபால்ட் ஆர்செனேட்டுங்கிற வகை கனிமம், அதாவது கோபால்ட் உலோகத்தோட ஆர்செனிக்கும் ஆக்சிஜனும் சேந்தது. மூணு கோபால்ட்டுக்கு ரெண்டு ஆர்செனேட், கூடவே எட்டு தண்ணி மூலக்கூறு, இதான் இதோட ஃபார்முலா. கணக்குப் போட்டா எடைல கோபால்ட் 29.5%, ஆர்செனிக் 25%, தண்ணி 24% வருது, மிச்சம் ஆக்சிஜன். அதாவது கல்லுன்னு பேரு, ஆனா கிட்டத்தட்ட கால்வாசி தண்ணி, இன்னொரு கால்வாசி விஷம்.

விவியனைட்னு ஒரு குடும்பம் இருக்கு, அதுல ஒரு மெம்பர் இது. கோபால்ட் இருக்குற இடத்துல நிக்கல் வந்தா அன்னபெர்கைட், பச்சையா இருக்கும். துத்தநாகம் வந்தா கோட்டிகைட், மெக்னீசியம் வந்தா ஹோர்னெசைட். வீட்டு அமைப்பு ஒண்ணுதான், குடியிருக்குற ஆளுதான் மாறும்.

எரித்ரைட்னு பேரு இருக்கும்போது ஏன் கோபால்ட் பூன்னு சொல்றீங்க?

பழைய வீட்டுச் சுவத்துல ஈரம் ஏறி வெள்ளையா உப்பு பூத்திருக்கும் பாத்திருப்பீங்க இல்ல? அதே சமாச்சாரம்தான். சுரங்கத்துக்குள்ள கோபால்ட் இருக்குற பாறைல காத்தும் ஈரமும் பட்டு, மேல ரோஸ் கலர்ல பூக்கும். ஜெர்மன் சுரங்கக்காரங்க இதை கோபால்ட் ப்ளூட்டேன்னாங்க, ப்ளூட்டேன்னா பூ. நமக்கும் அந்தப் பேச்சு ஏற்கனவே இருக்கு, உப்பு பூக்குது, பூஞ்சை பூக்குதுன்னு சொல்றோமே, அதனால கோபால்ட் பூன்னு சொன்னா விளக்கமே தேவைப்படாது.

எரித்ரைட்ங்கிற பேரை 1832ல பிரெஞ்சு கனிமவியலாளர் பெடான் வச்சாரு. கிரேக்கத்துல எரித்ரோஸ்னா சிவப்பு.

டயட்ல இருக்கவங்க சர்க்கரைக்குப் பதிலா போடுற எரித்ரிட்டாலும் இதுவும் ஒண்ணா?

இல்ல இல்ல இல்ல. அது இனிப்புப் பொருள், இது ஆர்செனிக். ரெண்டு பேர்லயும் அதே கிரேக்கச் சிவப்பு இருக்கு, பழைய கெமிஸ்ட்ரி புக்குல அந்த இனிப்பையும் எரித்ரைட்னே எழுதியிருக்காங்க, அதனாலதான் தேடும்போது ரெண்டும் கலந்து வருது. சிரிப்பா இருக்கும், ஆனா யாராவது ஆன்லைன்ல பேரை மட்டும் பாத்து ஆர்டர் போட்டுடாதீங்கப்பா.

இந்த ரோஸ் கலர் எங்கேருந்து வருது? கோபால்ட்னா நீலம்தானே?

நல்ல கேள்வி, எனக்கும் ஆரம்பத்துல இதே குழப்பம்தான். கோபால்ட் அணுவைச் சுத்தி எத்தனை பேரு நிக்கிறாங்கங்கிறதைப் பொறுத்துத்தான் கலர். ஆறு ஆக்சிஜன் சுத்தி நின்னா அது பச்சை வெளிச்சத்தை முழுங்கிடும், நம்ம கண்ணுக்கு ரோஸா தெரியும். நாலு பேரு மட்டும் நின்னா ஆழமான நீலம், கோபால்ட் கண்ணாடி, பீங்கான் தட்டுல இருக்குற நீலம் எல்லாம் அந்த வகை. எரித்ரைட்ல ஆறு பேரு, அதுலயும் சில இடத்துல பாதிக்கு மேல தண்ணியோட ஆக்சிஜன்.

இதை நீங்களே பாத்திருப்பீங்க. காலேஜ் லேப்ல ஈரம் படாம பொருளை வைக்கிற டெசிக்கேட்டர் பாத்திரத்துல நீலக் கலர் சிலிகா ஜெல் மணி போட்டு வச்சிருப்பாங்க, ஈரம் இழுத்துட்டா ரோஸா மாறிடும், அடுப்புல காய வச்சா திரும்ப நீலம். அதுல இருக்கறது கோபால்ட் குளோரைடு. எரித்ரைட்டையும் சூடு பண்ணினா தண்ணி போய் நீல, ஊதாப் பக்கம் கலர் ஓடும், ஆனா இது ஆர்செனிக் கல்லு, அதனால அந்த எக்ஸ்பெரிமெண்ட் நமக்கு வேண்டாம்.

கலர்ல ரேஞ்சு நிறைய. மாவு மாதிரி பூத்திருந்தா ரோஸ் மில்க் கலர். படிகம் கொஞ்சம் தடிமனா இருந்தா பீட்ரூட் சாறு, இன்னும் தடிச்சா நாவல்பழம் சாப்ட்ட நாக்கு கலர். இன்னொரு விசேஷம், கோபால்ட்டும் நிக்கலும் கலந்து வளந்தா ரோஸும் பச்சையும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு வெளிறிப் போய் சாம்பலா, அழுக்கு வெள்ளையா நிக்கும். அதைப் பாத்துட்டு இது எரித்ரைட் குடும்பம்னு யாராலயும் சட்டுனு சொல்ல முடியாது.

எப்படி உருவாகுது?

செம்புப் பாத்திரத்தைத் தேய்க்காம விட்டா பச்சையா களிம்பு ஏறும்ல, அதைப் பெரிய அளவுல யோசிங்க. பூமிக்கு அடில பாறை வெடிப்பு வழியா சூடான தண்ணி ஓடி, கோபால்ட்டும் ஆர்செனிக்கும் சேந்த தாது படிஞ்சிருக்கும், ஸ்குட்டரூடைட், சாஃப்ளோரைட், கோபால்டைட் இப்படிப் பேரு. பளபளன்னு வெள்ளி, எஃகு மாதிரி இருக்கும், பாத்தா ரோஸ் கலருக்கும் அதுக்கும் சம்பந்தமே தெரியாது. காலப்போக்குல மேல இருக்குற மண் அரிச்சு போய் மழைத்தண்ணியும் ஆக்சிஜனும் அதைத் தொட்டதும் கரைய ஆரம்பிக்கும், கோபால்ட்டும் வெளிய வரும், ஆர்செனிக்கும் ஆர்செனேட்டா மாறி வெளிய வரும், ரெண்டும் பக்கத்துலயே இருக்கறதால அங்கேயே கை கோத்துக்கிட்டு எரித்ரைட்டா உக்காந்துடும்.

இதுக்கு லட்சக்கணக்கான வருஷம் எல்லாம் தேவையில்ல. சுரங்கம் வெட்டி விட்ட சுவர்லயும், வெளிய கொட்டின கழிவுக் குவியல்லயும் கூட புதுசா பூக்கும்.

கைல எடுத்தா எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

முதல்ல மெத்துனு இருக்கும். மோஸ்ங்கிற கடினத்தன்மை அளவுல 1.5லேருந்து 2.5 வரைக்கும், நம்ம நகமே சுமார் 2.5, அதனால நகத்தால கீறலாம் (கீறாதீங்க). ஆனா எடை தெரியும், அடர்த்தி தண்ணியை விட மூணு மடங்குக்குக் கொஞ்சம் மேல. பீங்கான் ஓட்டுல தேச்சா வெளிறின ரோஸ் கோடு விழும். ஒரே ஒரு திசைல மட்டும் சூப்பரா தகடு தகடா பிரியும், அந்தப் பக்கத்துல முத்து மாதிரி ஒரு மினுமினுப்பு. மெல்லிசா இருக்குற தகடு லேசா வளையக்கூடச் செய்யும்.

படிகம் தட்டையா பிளேடு மாதிரி, ஊசி மாதிரி, இல்லன்னா ஒரு புள்ளிலேருந்து விசிறி விரிச்ச மாதிரி வளரும். பத்து மடங்கு லென்ஸ் வச்சுப் பாத்தீங்கன்னா அந்த விசிறி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியும், நுனி மட்டும் வெளிச்சத்துல சிவப்பா எரியுற மாதிரி இருக்கும், அந்த ஒரு பார்வைக்குத்தான் நான் காசு குடுத்தேன். பெரும்பாலும் படிகமே இருக்காது, பாறை மேல ரோஸ் பவுடர் அப்பின மாதிரிதான் இருக்கும்.

இவ்வளவு மென்மையான கல்லுங்கிறது புத்தகத்துல படிச்சிருந்தும் என் முதல் பீஸை நான் என்ன பண்ணேன் தெரியுமா, தூசியா இருக்கேன்னு பழைய டூத் பிரஷ் எடுத்து லேசா ஒரு தேய் தேச்சேன். அவ்ளோதான். ஊசி எல்லாம் படுத்து நசுங்கி, வயல்ல மாடு புகுந்த மாதிரி ஆயிடுச்சு. அதுலேருந்துதான் மேல சொன்ன அந்தக் கத்தல்.

எந்த எந்த ஊர்ல கிடைக்குது?

நிறைய நாட்டுல கொஞ்சம் கொஞ்சம் இருக்கு, நல்ல பீஸ் குடுக்குற ஊரு கொஞ்சம்தான்.

பழைய பேரு ஜெர்மனில சாக்சனி மாநிலத்து ஷ்னீபெர்க். 15ஆம் நூற்றாண்டுலேருந்து வெள்ளிக்காகத் தோண்டின மலை. அங்க சுரங்கக்காரங்களுக்கு ஒரு தாது கிடைக்கும், பாத்தா நல்ல உலோகம் மாதிரி மினுங்கும், உலைல போட்டா வெள்ளியும் வராது ஒண்ணும் வராது, ஆர்செனிக் புகைதான் வந்து ஆளை அடிக்கும். மலைக்குள்ள இருக்குற கோபோல்டுங்கிற குட்டிச்சாத்தான் வேலைதான் இதுன்னு திட்டுனாங்க, அந்தத் திட்டுதான் கோபால்ட்ங்கிற பேரா நின்னுடுச்சு. 1730கள்ல ஸ்வீடன்ல கியோர்க் பிராண்ட்ங்கிறவர் அதுக்குள்ள புதுசா ஒரு உலோகம் இருக்குன்னு நிரூபிச்சாரு. அதுக்கு முன்னாடியே, உலோகம்னு தெரியாமலே, அந்தத் தாதுவை வறுத்து மணலோடயும் பொட்டாஷோடயும் உருக்கி ஸ்மால்ட்ங்கிற நீலக் கண்ணாடித்தூள் பண்ணி சாக்சனிக்காரங்க ஐரோப்பா முழுக்க வித்தாங்க. வறுக்கும்போது வர்ற புகையையும் விடல, நீளமான புகைக்கூண்டு கட்டி அதுல படியுற வெள்ளை ஆர்செனிக்கை சுரண்டி அதையும் வித்தாங்க. வியாபாரம்னா அப்படி. சுரண்டுனவன் நிலைமையை யோசிச்சா சிரிப்பு வராது. அந்தச் சுரங்கத்து ஆளுங்க நுரையீரல் நோய் வந்து செத்துக்கிட்டே இருந்தாங்க, அது புற்றுநோய்னு 1879ல ரெண்டு டாக்டருங்க எழுதினாங்க, பாறைல யுரேனியம் இருந்ததால வந்த ரேடான் வாயுதான் முக்கியக் காரணம்னு பின்னாடிதான் புரிஞ்சுது.

இப்ப கடைல, கண்காட்சில நீங்க பாக்குற நல்ல பீஸ் பெரும்பாலும் மொராக்கோல பூ அஸ்ஸேர்லேருந்து வருது. தெற்குல ஆன்டி அட்லஸ் மலைல, வறண்ட பூமி. சர்ப்பெண்டினைட்னு பச்சைக் கறுப்புப் பாறை, அது பழைய கடலடிப் பாறை மேல தள்ளப்பட்டு வந்தது, அதோட ஓரத்துல கோபால்ட் ஆர்செனைடு (கோபால்ட்டும் ஆர்செனிக்கும் சேந்த தாது) பாறை வெடிப்புல நரம்பு மாதிரி ஓடுது. உலகத்துல கோபால்ட் பெரும்பாலும் செம்புக்கோ நிக்கலுக்கோ கூட வர்ற துணைச்சரக்குதான், கோபால்ட்டுக்காகவே தோண்டுற சுரங்கம்னு பேரு வாங்கினது பூ அஸ்ஸேர். எரித்ரைட் ஊசி சென்டிமீட்டர் கணக்குல வளந்ததெல்லாம் இங்கதான் நிறைய. என் பீஸும் அந்த ஊருதான். எரித்ரைட் மட்டும் இல்ல, ரோஸலைட், கோபால்டாஸ்டினைட்னு கோபால்ட் ஆர்செனேட் கூட்டமே இருக்கு.

மத்தபடி ஈரான்ல தல்மெசி, ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்து மவுண்ட் கோபால்ட், மெக்சிகோல அலாமோஸ், இங்கிலாந்துல கார்ன்வால். கனடாவுக்குத் தனிக் கதை, கீழ பாருங்க.

கனடால கோபால்ட்னே ஒரு ஊரு இருக்காமே?

ஒன்டாரியோல இருக்கு, அந்த ஊரு பேருக்குக் காரணமே இந்தப் பூதான்னு வச்சுக்கலாம். 1903ல வடக்க ரயில் பாதை போட்டுக்கிட்டு இருந்தாங்க. தண்டவாளக் கட்டைக்கு மரம் தேடிப் போன மெக்கின்லி, டாரா ரெண்டு பேரும் ஏரிக்கரைல வெள்ளியைப் பாத்தாங்க. கொஞ்ச நாள்ல ஃப்ரெட் லரோஸ்னு ரயில்வே கொல்லர் ஒருத்தர் இன்னொரு நரம்பைப் பாத்தாரு, நரியைப் பாத்து சுத்தியலை வீசினாரு அது பாறைல பட்டு வெள்ளி தெரிஞ்சுதுன்னு ஊர்ல சொல்லுவாங்க, சுற்றுலாவுக்கு நல்ல கதை, நான் நம்ப மாட்டேன். அவரு அதைச் செம்புன்னுதான் நினைச்சாரு, உண்மைல அது நிக்கல் ஆர்செனைடு. மாகாண ஜியாலஜிஸ்ட் வில்லெட் மில்லர் நேர்ல வந்து பாத்தப்போ வெள்ளி, நிக்கல், கோபால்ட் எல்லாம் கலந்து கிடந்துச்சு, பாறை மேல அங்கங்க ரோஸ் பூ. அடுத்த வருஷம் ரயில் ஸ்டேஷனுக்கு கோபால்ட்னு போர்டு எழுதி நட்டது அவருதான்.

அப்புறம் வெள்ளி வேட்டைதான். 1911ல உச்சம், ஒரே வருஷத்துல 3 கோடி அவுன்ஸுக்கு மேல வெள்ளி எடுத்தாங்க. எல்லாம் முடிஞ்சு இப்ப அந்தச் சுத்துவட்டார ஏரித்தண்ணில ஆர்செனிக், ஏரிக்குள்ள கொட்டின கழிவுல எரித்ரைட்டும் அன்னபெர்கைட்டும் உக்காந்திருக்கு.

இந்தப் பூவைப் பாத்து வேற ஏதாவது கண்டுபிடிச்சிருக்காங்களா?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. எரித்ரைட்டை அள்ளி விக்கிறதுல பெரிய காசு இல்ல, மேலாக்கப் படலம்தானே. அதோட மதிப்பே அது ஒரு சைன்போர்டுங்கிறதுதான், கீழ இன்னது இருக்கு தோண்டிப் பாருன்னு சொல்ற போர்டு.

1900ல கனடா ஜியாலஜிக்கல் சர்வேக்காக மெக்கின்டாஷ் பெல்ங்கிறவர் வடக்க கிரேட் பேர் ஏரி ஓரமா சர்வே போனாரு. கிழக்குக் கரைப் பாறைல இரும்புத் துரு, செம்பு, கோபால்ட் பூ கறை தெரியுதுன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதிட்டு வந்துட்டாரு. யாரும் கண்டுக்கல, அவ்ளோ தூரத்துல, பனிக்குள்ள யாரு போவா. கில்பர்ட் லபீன்னு ஒருத்தரு, சின்ன வயசுல கோபால்ட் ஊர்லயே சுத்தித் தொழில் கத்துக்கிட்டவரு, அவரு கண்ணுல அந்த வரி பட்டுது. கோபால்ட் பூன்னா பக்கத்துல வெள்ளி இருக்கும்ங்கிறது அவருக்கு ரத்தத்துலயே ஊறின விஷயம். 1930 மே மாசம் அங்க போனாரு, வெள்ளியும் கிடைச்சுது, கூடவே கறுப்பா பிட்ச்பிளெண்ட், அதாவது யுரேனியத் தாது. எல்டொரடோ சுரங்கம் அப்படித்தான் வந்துச்சு. முதல்ல ரேடியத்துக்காகத் தோண்டினாங்க, அப்புறம் அந்த யுரேனியம் மன்ஹாட்டன் திட்டத்துக்கு, அதாவது அணுகுண்டுக்குப் போச்சு. சாக்கு மூட்டைல தாதுவைச் சுமந்தது அங்க இருக்குற சாஹ்து டெனே பழங்குடி மக்கள், அது என்னன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல.

ஒரு ரிப்போர்ட்ல ஒரு வரி. முப்பது வருஷம் தூங்கிச்சு.

சரி, ஆர்செனேட் இவ்வளவு இருக்கு, கோபால்ட் வனேடேட் கனிமம் மட்டும் ஏன் இவ்வளவு அபூர்வம்?

கெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்க கண்டிப்பா இதைக் கேப்பாங்க, ஏன்னா ஆர்செனேட்டும் வனேடேட்டும் (ஆர்செனிக் இடத்துல வனேடியம்ங்கிற உலோகம் இருக்கறது) அண்ணன் தம்பி மாதிரி. ரெண்டுமே நடுவுல ஒரு அணு, சுத்தி நாலு ஆக்சிஜன், நாலுமுகி வடிவம், சைஸும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஈயத்தோட சேரும்போது ஒண்ணு இடத்துல ஒண்ணு தாராளமா உக்காரும், ஆர்செனேட் போனா மிமெடைட், வனேடேட் போனா வனடினைட், ரெண்டும் கலந்த பீஸும் கிடைக்கும். அப்ப கோபால்ட்டோட மட்டும் ஏன் உக்கார மாட்டேங்குது?

உக்கார மாட்டேன்னு சொல்லல, சந்திக்கவே வாய்ப்பு கிடைக்கல. கல்யாணத்துக்குப் பொருத்தம் எல்லாம் சரியா இருக்கு, ஆனா ரெண்டு வீடும் வேற வேற ஊரு.

இதை மொராக்கோ மேப்லயே காட்டலாம். தெற்குல பூ அஸ்ஸேர், கோபால்ட் ஆர்செனிக்கோட ஒரே தாதுக்குள்ளயே பிறக்குது, அது அழியும்போதும் ரெண்டும் ஒண்ணாத்தான் வெளிய வருது, அதனால கோபால்ட்டுக்கு ஆர்செனேட் தயாரா பக்கத்துலயே இருக்கு. வனேடியம் எங்க? வடக்க மிடெல்ட் பக்கத்துல மிப்லாடென்ல, உலகத்துலயே அழகான சிவப்பு அறுகோண வனடினைட் அங்கதான், ஆனா அது ஈயச் சுரங்கம், ஈயம்தான் வனேடியத்தைப் பிடிச்சு வச்சிருக்கு, கோபால்ட் வாசமே கிடையாது. பொதுவாவே வனேடியம் களிமண் பாறை, மணற்பாறை, இரும்புத் தாதுன்னு சுத்துற ஆளு. கோபால்ட் அல்ட்ராமாஃபிக் பாறை (மெக்னீசியமும் இரும்பும் நிறைஞ்சது), ஆர்செனைடு நரம்பு, செம்புப் படிவுன்னு சுத்துற ஆளு. ரெண்டும் ஒரே இடத்துல ஒரே நேரத்துல கரைஞ்சு, நடுவுல ஈயமோ செம்போ வந்து வனேடேட்டைத் தூக்கிட்டுப் போகாம, ஆர்செனிக்கும் கம்மியா இருக்கணும். இத்தனை கண்டிஷனும் ஒத்து வர்ற இடத்துலதான் நுண்ணோக்கில தேடிப் பாக்குற அளவுக்கு ஒரு துணுக்கு கிடைக்கும்.

லேப்ல கதையே வேற. கோபால்ட் ஆக்சைடையும் வனேடியம் ஆக்சைடையும் கலந்து உலைல சுட்டா வந்துடும். மூணு கோபால்ட், ரெண்டு வனேடியம், எட்டு ஆக்சிஜன் சேந்த ஒண்ணு இருக்கு, அதுல கோபால்ட் அணுக்கள் ககோமே படிக்கட்டுன்னு ஒரு அமைப்புல நிக்கும். ககோமேன்னா ஜப்பான்ல மூங்கில் கூடை முடையுற பின்னல் டிசைன், முக்கோணமும் அறுகோணமும் மாறி மாறி வரும். அந்த டிசைன்ல காந்த அணுக்களை நிறுத்தினா எந்தப் பக்கம் திரும்பறதுன்னு அதுங்களுக்கே குழப்பம் வரும், குளிர வச்சுப் பாக்குற இயற்பியல்காரங்களுக்கு அது அல்வா மாதிரி. பேரியம் சேத்த கோபால்ட் வனேடேட்டையும் இதே மாதிரி ஆராய்ச்சில நிறைய பயன்படுத்துறாங்க. இயற்கை கஞ்சத்தனம் பண்ற இடத்துல மனுஷன் உலை வச்சு சுட்டுக்கிறான்.

இதுல ஒரு வேடிக்கை. வனேடியத்தை முதல்ல 1801ல கண்டுபிடிச்சது மெக்சிகோல டெல் ரியோ, சிமாபன் ஊரு ஈயத் தாதுலேருந்து. அதோட உப்பைச் சூடாக்கினா சிவப்பாகுதுன்னு எரித்ரோனியம்னு பேரு வச்சாரு, ஆமா, நம்ம எரித்ரைட்டோட அதே எரித்ரோஸ்! அப்புறம் பாரிஸ்ல ஒருத்தரு இது வெறும் குரோமியம்னு தப்பா சொல்ல, டெல் ரியோவும் நம்பி விட்டுக் குடுத்துட்டாரு. 1830ல ஸ்வீடன்ல செஃப்ஸ்ட்ரோம் திரும்பக் கண்டுபிடிச்சு வனாடிஸ்ங்கிற தேவதை பேரை வச்சாரு. டெல் ரியோ மட்டும் அன்னைக்கு அடம் பிடிச்சிருந்தா இன்னைக்கு எரித்ரோனியம், எரித்ரைட், எரித்ரிட்டால்னு மூணையும் குழப்பிக்கிட்டு நான் இன்னும் ரெண்டு கேள்விக்கு பதில் எழுதிட்டு இருந்திருப்பேன்.

போன் பேட்டரிக்கு வேணுங்கற கோபால்ட் இதுலேருந்தா வருது?

இல்ல. உலக கோபால்ட்ல பெரும்பங்கு காங்கோலேருந்து, அங்க செம்புப் படிவோட சேந்து வருது, ஆர்செனிக் பிரச்சினை கம்மி. அங்கேயும் ரோஸ் கலர் கல்லு வரும், ஆனா அது பெரும்பாலும் கோபால்ட் கலந்த கால்சைட், டோலமைட். கடைல ரெண்டையும் மாத்திச் சொல்றவங்க உண்டு.

இந்தியால கோபால்ட் தாதுவே இல்லையா?

ராஜஸ்தான்ல கேத்ரி பக்கத்துச் செம்புச் சுரங்கத்துல கோபால்டைட் கிடைச்சிருக்கு, சேத்தான்னு உள்ளூர்ப் பேரு, ஜெய்ப்பூர்ல மீனாகாரி வேலை செய்றவங்க நகைல நீல எனாமல் போட அதைத்தான் எடுத்தாங்க. சாக்சனில ஸ்மால்ட், இங்க மீனாகாரி, சரக்கு ஒண்ணுதான்.

வீட்ல வச்சா ஆபத்தா? ஆர்செனிக்னு சொல்றீங்களே?

நம்ம ஊர்ல வெள்ளைப் பாஷாணம்னு சொல்றது ஆர்செனிக் ஆக்சைடு, அது கொஞ்சம் உள்ள போனாலே ஆளை முடிச்சுடும். எரித்ரைட் அந்த அளவுக்குக் கரையுற பொருள் இல்ல, தண்ணில ரொம்பக் கம்மியாத்தான் கரையும், டப்பாக்குள்ள சும்மா உக்காந்திருந்தா யாரையும் ஒண்ணும் பண்ணாது. ஆனா வயித்துக்குள்ள ஆசிட் இருக்குங்கிறதை மறக்கக்கூடாது, ஆசிட்ல இது நல்லா கரையும். அதனால குழந்தைங்க கைக்கு எட்டவே கூடாது, கலரைப் பாத்தா மிட்டாய்னு வாய்ல போடத்தான் தோணும். தொட்டா கை கழுவுங்க. அறுக்க, அரைக்க, பாலிஷ் பண்ண வேண்டாம், அந்தத் தூள்தான் நிஜமான ஆபத்து. டப்பால உதிந்த தூளை ஊதவும் கூடாது, ஈரத் துணில ஒத்தி எடுத்துப் போட்டுடுங்க. சூடு பண்றது சுத்தமா நோ. பழைய கனிமவியல் புக்குல கரித்துண்டு மேல வச்சு ஊதினா பூண்டு வாசம் வரும்னு டெஸ்ட் போட்டிருப்பான், அந்த வாசம்தான் ஆர்செனிக், அந்தக் காலத்து வாத்தியாருங்க எப்படித்தான் பிழைச்சாங்களோ.

யாராவது இதைக் கல் மருந்து, எனர்ஜி தண்ணின்னு சொல்லி தண்ணில ஊற வச்சுக் குடிக்கச் சொன்னா அந்த ஆளை விட்டு ஓடிடுங்க.

மோதிரத்துல பதிக்கலாமா?

நகத்தால கீறல் விழுற கல்லை எங்கங்க பதிக்கிறது.

போலி வருதா? எப்படி ஏமாறாம வாங்குறது?

எனக்கு அனுபவம் இருக்கு. ஆன்லைன்ல ஒரு வியாபாரிகிட்ட எரித்ரைட்னு போட்டோ பாத்து வாங்கினேன், வந்து சேந்தது குவார்ட்ஸ் மேல ரோஸ் சாயம். நகத்தால ஓரத்துல தொட்டுப் பாத்தேன், கீறவே இல்ல, நெயில் பாலிஷ் ரிமூவர்ல பஞ்சை நனைச்சு ஒத்தினா பஞ்சு முழுக்க ரோஸ். காசு திரும்பி வரல.

அதை விட அதிகமா நடக்குறது பேரு மாத்தி விக்கிறதுதான். கோபால்ட் கலந்த கால்சைட்டைத்தான் பெரும்பாலும் எரித்ரைட்ங்கிறாங்க. அது சீனி தூவின மாதிரி பளபளன்னு உருண்டை திரண்டு இருக்கும், ஊசியோ விசிறியோ இருக்காது, கொஞ்சம் கடினம், உடைஞ்சா மூணு திசைல சாய்சதுரமா உடையும், உதிந்த துணுக்குல எலுமிச்சைச் சாறு விட்டா லேசா நுரைக்கும். எரித்ரைட்டா இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா எலுமிச்சை டெஸ்ட் வேண்டாம், ஆசிட் பட்டா படிகம் போயிடும், கைலயும் ஆர்செனிக். ரோஸலைட்டும் ரோஸ்தான், ஆனா அதுல கால்சியமும் சேந்திருக்கும், படிகம் தடிச்சு உருண்ட மாதிரி இருக்கும், அதை எரித்ரைட்னு குடுத்தா சந்தோஷமா வாங்கிக்கோங்க, அது பொதுவா விலை ஜாஸ்தி.

எந்தச் சுரங்கம்னு லேபிள் இல்லாத பீஸை நான் இப்பல்லாம் தொடுறதே இல்ல.

எப்படிப் பத்திரமா வச்சுக்கிறது?

மூடியுள்ள டப்பா, அடில கொஞ்சம் மியூசியம் புட்டி (பொருளை நகராம ஒட்டி வைக்கிற களிமண் மாதிரி பசை) வச்சு பாறைப் பக்கத்தை ஒட்டிடுங்க, படிகத்தை எதுவும் தொடக்கூடாது. வெயில் படுற ஜன்னல், சூடு ஏறுற ஷோகேஸ் பல்பு வேண்டாம், தண்ணி உள்ள கல்லுங்கிறது ஞாபகம் இருக்கட்டும். அல்ட்ராசானிக் கிளீனர்ல போட்டீங்கன்னா வெளிய வரும்போது வெறும் பாறைதான் வரும். தூசி இருந்தா கேமராவுக்கு யூஸ் பண்ற ரப்பர் பல்பு வச்சு, மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கிட்டு, தூரத்துலேருந்து லேசா ஒரு தடவை. போகலன்னா தூசியோடயே இருக்கட்டும் விடுங்க, டூத் பிரஷ் மட்டும் எடுக்காதீங்க.